அன்புகூரக் கடினமானோரை அன்புகூர்தல்

நோயாளியைக் குளிப்பாட்டுவதும், வேளை தவறாமல் மருந்து கொடுப்பதும், இரவில் கண்விழிப்பதும் எளிய பணிகள் அல்ல. ஆயினும் எம்மிடம் வரும் குடும்பத்தினர் அவற்றைக் குறித்து அதிகம் முறையிடுவதில்லை. “எவ்வளவு செய்தாலும் திட்டுகிறாரே” என்பதுதான் பலருடைய வேதனை. இவ்வேதனைக்கு மருத்துவமும் கிறிஸ்தவ விசுவாசமும் சேர்ந்தே வழிகாட்ட வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் மருத்துவம். கடுஞ்சொல் எப்போதும் குணத்திலிருந்து பிறப்பதன்று. மூளையின் முன்பகுதியைப் பக்கவாதம் தாக்கினால், நாவை அடக்கும் ஆற்றல் குன்றலாம். இரத்தத்தில் சர்க்கரை மிகவும் தாழ்ந்தால் சாந்தமானவரும் சீறக்கூடும். ஸ்டீராய்டு மாத்திரைகள் சிலருக்கு எரிச்சலையும் உறக்கமின்மையையும் உண்டாக்கும். கல்லீரல் செயலிழப்பு, சோடியம் குறைவு, முதியோருக்கு வரும் தொற்றுகள் ஆகியன அறிவைத் தடுமாறச் செய்யும். ஆகவே, ஒருவருடைய பேச்சும் நடத்தையும் சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ மாறிவிட்டால், அதைக் குணக்கேடு என்று எண்ணி வாளாவிராதீர்கள்; உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

ஆனால் எல்லாவற்றுக்கும் நோயே காரணம் என்று கூறிவிட இயலாது. வாழ்நாளெல்லாம் கடுமையாகவே பேசிய தந்தையோ மாமியாரோ படுக்கையில் விழுந்த பின்னும் அவ்வாறே இருப்பதுண்டு. அங்கேதான் தாழ்மை தேவைப்படுகிறது.

பிரான்சின் லிசியே நகரிலுள்ள கார்மேல் மடத்தில் 1888இல் சேர்ந்து, 24ஆம் வயதில் காசநோயால் மறைந்த புனித குழந்தை தெரேசம்மாள், தம் தன்வரலாற்றில் ஒரு நிகழ்வைக் கூறுகிறார். நோயுற்ற முதிய சகோதரி ஒருவரை நாள்தோறும் மாலையில் உணவறைக்கு அழைத்துச் செல்லும் பணியை அவர் தாமே முன்வந்து ஏற்றார். வேகமாக நடந்தாலும் குறை. மெதுவாக நடந்தாலும் குறை. இத்தனை இளம் வயதினளுக்கு என்ன தெரியும் என்ற ஏச்சு வேறு. தெரேசம்மாள் வாதாடவில்லை. அம்மூதாட்டியின் கைகள் ரொட்டியை நறுக்க வருந்துவதைக் கவனித்தார். கேளாமலேயே நறுக்கிக் கொடுத்து, புன்னகையோடு விடைபெற்றார். அதன் பின்னரே அம்மூதாட்டியின் நம்பிக்கை அவருக்குக் கிட்டியது.

இங்கே அன்பு ஓர் உணர்ச்சியாகத் தொடங்கவில்லை; கவனிப்பாகத் தொடங்கியது. ‘எனக்கு நன்றி சொல்லவில்லையே’ என்ற எண்ணம் சற்று விலகி நின்றபோதுதான், அவருடைய கைகளின் தளர்ச்சி கண்ணில் பட்டது. இதையே நான் தாழ்மை என்கிறேன். இயேசு பெருமான் சீடர்களின் கால்களைக் கழுவியபோது, தம்மைக் காட்டிக்கொடுக்கவிருந்த யூதாசை விலக்கிவைக்கவில்லை. தகுதி பார்த்து அவர் அன்பு செலுத்தவில்லை. வேறு சமயத்தைச் சார்ந்த வாசகர்களுக்கும் இந்நெறி அந்நியமாக இராது என நம்புகிறேன்.

ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். தாழ்மை என்பது அடியைத் தாங்கிக்கொள்வதன்று. கைநீட்டுவோரைத் தனியே சமாளிக்க முயலாமல் செவிலியரிடமோ மருத்துவரிடமோ கூறுங்கள். ‘என்னால் தனியாக இயலாது’ என்று ஒப்புக்கொள்வதும் தாழ்மையே. உடன்பிறந்தோரிடம் முறை வைத்துப் பணியைப் பகிருங்கள். ஓரிரவேனும் நன்றாக உறங்குங்கள். உறக்கமிழந்தவரிடம் பொறுமை நிலைப்பது அரிது.

நாளைக் காலை அவர் மீண்டும் குறை கூறலாம். பதில் கூறுமுன் அவருடைய கைகளையும், முகத்தையும், தட்டில் மீந்த உணவையும் ஒருமுறை பாருங்கள். அவர் வாய்விட்டுக் கேட்க இயலாத ஏதோ ஒரு சிறு தேவை அங்கே இருக்கக்கூடும்.