ஜெர்மனி போகிற பிள்ளைக்கு எதைக் கட்டிக் கொடுக்கலாம்?

புனேயில் நம்ம ஆட்கள் நாலு பேர் கூடினால் இப்போது இதுதான் பேச்சு. "பையன் ஜெர்மனிக்கு எம்.எஸ். போறான் சார்." காரணம் தெரிந்ததுதான். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. (விதிவிலக்கும் உண்டு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் நம்மைப் போன்றவர்களிடம் செமஸ்டருக்கு 1500 யூரோ வாங்குகிறது. மூனிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-ல் வசூலைத் தொடங்கிவிட்டது.)

பெற்றோர்களும் பம்பரமாய்ச் சுழல்கிறார்கள். 2022 நவம்பரிலிருந்து கட்டாயமான ஏ.பி.எஸ். சான்றிதழ், முடக்கு கணக்கில் போட வேண்டிய பணம் (2024 செப்டம்பரில் இது 11,904 யூரோவாக உயர்ந்தது), விசா, குக்கர், பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல். எல்லாம் சரி மக்களே, இதெல்லாம் ஃபிராங்க்ஃபர்ட்டில் போய் இறங்கத்தான் உதவும். அங்கே காலூன்ற வேறு மூன்று விஷயம் வேண்டும் என்பது என் கட்சி.

முதலாவது, மொழி. "கோர்ஸ் இங்கிலீஷ்ல தானே" என்கிறார்கள். வகுப்பு இங்கிலீஷில்தான். வீட்டுக்காரர், நகராட்சி அலுவலகம், டாக்டரின் வரவேற்பறை, தபால் பெட்டியில் வந்து விழும் கடிதம் எல்லாம் ஜெர்மனில். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். தபால் பெட்டியில் பையன் பேர் ஒட்டியிருக்காவிட்டால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஒரு வார்த்தை ஹிந்தி தெரியாமல் புனே ஸ்டேஷனில் இறங்கி, மளிகைக் கடைக்காரரிடம் மராத்தி கற்றுக்கொண்டவர்கள் நாம். மொழி தெரியாதவன் எவ்வளவு சின்னவனாக உணர்வான் என்று நமக்குத் தெரியாதா? இங்கேயே மேக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது, சென்னையிலும் இருக்கிறது. விசாவுக்குக் காத்திருக்கும் மாதங்களில் ஒன்றிரண்டு நிலையாவது முடித்துவிட்டுப் போகட்டும்.

இரண்டாவது, தேர்வு. நம்ம ஊர் இன்ஜினியரிங்கில் "அரியர் வச்சுக்கலாம், அப்புறம் தூக்கிடலாம்" என்று ஒரு வேதவாக்கு உண்டு. அங்கே பல பல்கலைக்கழகங்களில் ஒரு தேர்வை மூன்று முறைதான் எழுதலாம். மூன்றாவது முறையும் போனால் அந்தப் படிப்பே போச்சு, மாணவர் விசாவும் ஆட்டம் காணும். இன்டர்னல் மார்க் என்று கைதூக்கிவிட ஒன்றும் இருக்காது. பல பாடங்களில் செமஸ்டர் கடைசியில் நடக்கும் ஒரே தேர்வுதான். அதற்கும் தேதிக்குள் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். மதிப்பெண்ணோ தலைகீழ்: 1.0 முதலிடம், 4.0 தப்பிப் பிழைத்தது, 5.0 ஃபெயில்.

மூன்றாவதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். பிள்ளை போய் ஒரு மாதம் ஆவதற்குள் ஊரில் ஆரம்பித்துவிடுவார்கள்: "பார்ட் டைம் கிடைச்சுதா?" என் அக்கா பையனுக்கும் இதே கேள்விதான். பெரியப்பா, சித்தி, எதிர்வீட்டு மாமி என்று ஆளாளுக்குக் கேட்டதில் அவன் ஒரு கிடங்கில் இரவு வேலைக்குச் சேர்ந்தான். பகலில் வகுப்பில் தூக்கம். ஒரு பாடத்தில் இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை 4.0 வாங்கினான். "நாலுக்கு நாலா!" என்று அத்திம்பேர் தெரு முழுக்க அல்வா கொடுத்தார் :-) அந்த மூன்று மாதம் அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்பது எங்களுக்கு ரொம்பப் பிறகுதான் தெரிந்தது.

2024 மார்ச் முதல் வருஷத்துக்கு 140 முழு நாளோ 280 அரை நாளோ வேலை பார்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. அனுமதி இருக்கிறது என்பதற்காக முதல் செமஸ்டரிலேயே பார்க்க வேண்டுமா? "லோன் இருக்கே சார்" என்பீர்கள். நியாயமான கேள்வி. பெரும்பாலான கல்விக் கடன்களில் படிப்பு முடியும் வரை அசலைக் கட்டத் தேவையில்லை. மாதா மாதம் முடக்கு கணக்கிலிருந்து வருகிற 992 யூரோவில் சிக்கனமாக இருந்தால் பல சின்ன ஊர்களில் ஓட்டிவிடலாம். பெரிய ஊர் என்றால் இரண்டு மாதச் செலவைக் கூடுதலாகக் கையில் கொடுங்கள். பிப்ரவரியில் தேர்வு முடிந்து ஏப்ரலில் அடுத்த செமஸ்டர் தொடங்கும் வரை இடைவெளி இருக்கிறது. அப்போது வேலை பார்க்கட்டும், யார் வேண்டாம் என்றது? அதற்குள் கொஞ்சம் ஜெர்மனும் வந்திருக்கும், நல்ல வேலையாகவே கிடைக்கும்.

இன்னொன்று. டிசம்பரில் அங்கே நாலு, நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். நமக்கும் அவர்களுக்கும் அப்போது நாலரை மணி நேர வித்தியாசம். நாம் ராத்திரி ஒன்பது மணிக்குச் சாவகாசமாகப் போன் போடும்போது, அங்கே பிள்ளை இருட்டில் தனி அறைக்குத் திரும்பிக்கொண்டிருப்பான். அந்த நேரத்தில் "வேலை கிடைச்சுதா" என்று கேட்பதற்குப் பதில், "இன்னைக்கு யார்கூடச் சாப்பிட்டே?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல அவன் யோசித்தால், கவலைப்பட வேண்டியது அதற்குத்தான்.

டிஸ்கி: தொகைகளும் விதிகளும் அடிக்கடி மாறுபவை. கிளம்பும் முன் தூதரகத் தளத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.