ஜவ்வாது மலை ஹோம்ஸ்டே: உங்கள் வாடகை மலைக்குப் போகிறதா?

'வீக்எண்ட்ல எங்கயாச்சும் போலாமா?' என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் கேட்டால், ஊட்டி, கொடைக்கானலோடு இப்போது ஜவ்வாது மலையின் பெயரும் அடிபடுகிறது. ஜமுனாமரத்தூரில் ரூம், பீமன் அருவியில் குளியல், கோலப்பன் ஏரியில் படகு, ராத்திரி டென்ட் வாசலில் கேம்ப் ஃபயர். பிளான் நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்த ரூம் வாடகை யார் கைக்குப் போகிறது என்று யாரும் கேட்பதில்லை.

பார்சிலோனாவில் என்ன நடந்தது?

சுற்றுலா வாடகை ஒரு ஊரை எப்படி மாற்றும் என்பதற்கு ஸ்பெயினின் பார்சிலோனா நகரம் உதாரணம். பழைய நகர மையத்தில் குடும்பங்கள் வாழ்ந்த அடுக்குமாடி வீடுகள் ஒவ்வொன்றாக டூரிஸ்ட் ஃபிளாட்களாக மாறின. பத்தாண்டுகளில் வாடகை 68 சதவீதம் கூடிவிட்டது என்கிறது நகர நிர்வாகம். 10,101 சுற்றுலா ஃபிளாட்களின் உரிமங்களையும் 2028 நவம்பருக்குள் முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக மேயர் ஜௌமே கொல்போனி 2024 ஜூனில் அறிவித்தார்.

ஜவ்வாது மலை அந்த நிலைக்கு வரவில்லை. வருவதற்கு முன்பே விதிகளை வகுப்பதுதான் புத்திசாலித்தனம்.

எது ஹோம்ஸ்டே?

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டப்படி, வீட்டுக்காரர் குடும்பத்தோடு அதே வீட்டில் வசிக்க வேண்டும். அதிகபட்சம் 6 அறைகளைத்தான் வாடகைக்கு விடலாம். ஓனர் நகரத்தில், கேர்டேக்கர் மட்டும் மலையில் என்றால் அது ஹோம்ஸ்டே இல்லை, லாட்ஜ். இரண்டுக்கும் ஒரே போர்டு மாட்டுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

இந்த மலையின் மக்கள் மலையாளி பழங்குடியினர். சாமை விதைத்து, தேன் எடுத்து, புளியும் பலாவும் விற்று வாழ்பவர்கள். வருமானம் போதாமல் வெளி மாநிலங்களுக்குக் கூலி வேலைக்கு இறங்குகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 20 தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. மலையிலேயே கிடைக்கும் ஒரு ரூம் வாடகை, ஒரு வேளை சாமைச் சோறுக்கான காசு என்பதெல்லாம் இங்கே சின்ன விஷயம் இல்லை.

இருட்டும் ஒரு சொத்து

மலையின் காவலூரில் இருக்கிறது வைணு பாப்பு வானாய்வகம். அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் திறக்கப்பட்டது. நகர வெளிச்சம் எட்டாத இருட்டு வானம், இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு முக்கியக் காரணம். ரிசார்ட் வாசலில் வானத்தைப் பார்த்து எரியும் ஃபோகஸ் லைட்டுகள் பெருகினால், மங்கலான நட்சத்திரங்கள் முதலில் காணாமல் போகும். விஞ்ஞானிக்கும் நஷ்டம், நட்சத்திரம் பார்க்க வந்த விருந்தாளிக்கும் நஷ்டம்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. காவலூரை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனமே லடாக்கின் ஹான்லேயிலும் ஒரு வானாய்வகம் நடத்துகிறது. 2022-ல் அந்தப் பகுதி 'இருள் வானக் காப்பகம்' ஆக அறிவிக்கப்பட்டது. கிராமத்து ஆட்களுக்குப் பயிற்சியும் தொலைநோக்கியும் கொடுத்தார்கள். இன்று அவர்கள் பயணிகளுக்கு வானத்தைக் காட்டிச் சம்பாதிக்கிறார்கள். விளக்குகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. அங்கே இருட்டே வருமானம். ஜவ்வாது மலையில் இதை ஏன் செய்யக் கூடாது?

'முதலீடு வேண்டாமா?'

வெளியாள் பணம் போட்டால்தானே மலை வளரும் என்பார்கள். ரோடு, ஆஸ்பத்திரி, பஸ் எல்லாம் அரசு செய்ய வேண்டிய முதலீடு. ஹோம்ஸ்டேவுக்குத் தேவை ஒரு சுத்தமான அறை, ஒரு நல்ல கழிப்பறை, நல்ல சாப்பாடு. மகளிர் சுய உதவிக் குழுக்கள் வழியாகக் கடன் கொடுத்தால் ஒரு மலைக் குடும்பத்தாலும் இதை நடத்த முடியும். வெளியாள் லாட்ஜ் கட்டட்டும். அதை லாட்ஜ் என்றே சொல்லி, அதற்கான வரியும் உரிமமும் கட்டி நடத்தட்டும்.

அரசு செய்ய வேண்டியவை மூன்று. வீட்டுக்காரர் வசிக்கும் இடத்துக்கு மட்டுமே ஹோம்ஸ்டே பதிவு. காவலூரைச் சுற்றி, தரையை நோக்கி மட்டும் எரியும் மூடிய விளக்குகள். உள்ளூர் இளைஞர்களுக்கு வானம் காட்டும் வழிகாட்டிப் பயிற்சி.

பயணிகளும் புக் பண்ணுவதற்கு முன் போனில் கேட்கலாம்: ஓனர் அங்கேயே இருக்காங்களா? சமைக்கிறது யாரு? ராத்திரி வெளி லைட்டை அணைப்பீங்களா? இப்படிக் கேட்கிறவர்கள் கூடக்கூட, வாடகைக்கு விடுபவர்களும் மாறித்தான் ஆக வேண்டும்.