வெங்காயம் அழுகிய கதையும் ஒரு வழுவும்

"ஏன் தம்பி, எங்க கடையில அழுகுறது வெங்காயமா? தக்காளி எங்க போச்சு?"

சந்தையில் காய் விற்கும் ஓர் அக்கா, எங்கள் ப்ராஜெக்ட் படத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி இது. பி.காம். மாணவர்கள் நாலு பேர், நாற்பது கடை, ஒரு மாத அலைச்சல். எந்தக் காய் வாரத்துக்கு எத்தனை கிலோ வீணாகிறது என்று பட்டை வரைபடம் போட்டு, கணக்குச் சொன்னவர்களிடமே காட்டலாம் என்று பெருமையாகப் போனோம். முதல் கடையிலேயே மானம் போனது :-)

நடந்தது இதுதான். படம் வரைய நான் எடுத்தது மேட்பிளாட்லிப். பைத்தானில் வரைபடம் போடுகிற எல்லோருக்கும் தெரிந்த கட்டற்ற மென்பொருள். காய்களின் பெயரைத் தமிழில் கொடுத்தேன். எல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. எழுத்துருவை மாற்றினேன். கட்டம் போய்த் தமிழ் வந்தது, ஆனால் கொம்புகள் எல்லாம் இடம் மாறி நின்றன. மறுநாள் காலை சமர்ப்பிக்க வேண்டும். "விடுடா மச்சி" என்று நண்பன் பெயிண்டில் பெயர்களைத் தட்டி, படத்தின் மேல் ஒட்டிவிட்டான். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அன்று இரவு இரண்டு கடைகளின் கணக்கில் திருத்தம் வந்தது. எங்கள் பட்டைகள் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கப்பட்டவை. எண் மாறியதும் வரிசையும் மாறியது. நாங்களோ புதுப் படத்தின் மேல் பழைய பெயர்களை அதே வரிசையில் ஒட்டினோம். தக்காளியின் பட்டைக்கு வெங்காயம் என்று பெயர் வந்தது அப்படித்தான்.

இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. வழுவை மூடி மறைத்தால் அது போய்விடாது, இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். அதனால் அதைத் தேடிப் பிடிப்பதும், பிடித்தபின் எழுதிச் சொல்வதும் கணினித்துறை மாணவர்களின் வேலை மட்டும் அல்ல. நம் வேலையும்தான்.

காமர்ஸ்காரர்களுக்கு இது புதிதா என்ன? டிரையல் பாலன்ஸ் சேரவில்லை என்றால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போடுவோம். ஆனால் அது தற்காலிகம். தவறு எங்கே என்று தேடியே ஆக வேண்டும். தேடவும் வழி இருக்கிறது. வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று சந்தேகப்படுவோம். 54-ஐ 45 என்று எழுதினால் வித்தியாசம் 9. பெயிண்ட் எங்களுக்கு அனாமத்துக் கணக்கு. அதில் போட்டோம், தேடாமல் விட்டோம்.

அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு உட்கார்ந்து தேடினேன். பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. சந்தேகப்பட வேண்டியவர்களை ஒவ்வொருவராக விசாரித்து வெளியே அனுப்புவதுதான்.

முதல் வழு, கட்டங்கள். மென்பொருள் ஓர் எச்சரிக்கை காட்டியிருந்தது. 2965 என்ற எண்ணுக்குரிய எழுத்து, அதாவது தமிழ் 'க', இந்த எழுத்துருவில் இல்லை என்று தெளிவாகவே சொல்லியிருந்தது. நான்தான் படிக்கவில்லை. மேட்பிளாட்லிப்புடன் வரும் டெஜாவு சான்ஸ் எழுத்துருவில் தமிழ் கிடையாது. நோட்டோ சான்ஸ் தமிழ் போட்டால் தீர்ந்தது. 2022-ல் வந்த 3.6 பதிப்பிலிருந்து எழுத்துருக்களைப் பட்டியலாகவே கொடுக்கலாம். ஒன்றில் இல்லாத எழுத்தை அடுத்ததில் தேடிக்கொள்ளும். ஆக, இது வழுவே இல்லை, என் சோம்பேறித்தனம்.

இரண்டாவது, கொம்பு. என் தரவு தப்பா? அதே சொல்லை உலாவியில் ஒட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. எழுத்துரு தப்பா? அதே எழுத்துருவில் லிப்ரே ஆஃபீஸில் தட்டினேன், அதுவும் சரி. என் நிரல் தப்பா? சந்தைக் கணக்கை எல்லாம் நீக்கிவிட்டு, 'வெங்காயம்' என்ற ஒரே சொல்லை மட்டும் எழுதும் ஐந்து வரி நிரல் எழுதினேன். அப்போதும் கொம்பு தாண்டியது. இனி மிச்சம் இருப்பது ஒரே ஆள்தான்.

காரணம் இது. கணினியில் 'வெ' என்பது முதலில் 'வ', அடுத்து எகரக் குறி என்றே சேமிக்கப்படுகிறது. கண்ணுக்குக் கொம்பு முன்னால் வர வேண்டும் என்றால் யாராவது இடம் மாற்றி வைக்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ், குரோம், லிப்ரே ஆஃபீஸ் எல்லாவற்றிலும் அந்த வேலையை ஹார்ஃப்பஸ் என்ற இன்னொரு கட்டற்ற மென்பொருள் செய்கிறது. என்னிடம் இருந்த மேட்பிளாட்லிப் 3.8-இல் அப்படி ஓர் ஆள் இல்லை. எழுத்துகளைச் சேமித்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போனது. அதனால் கொம்பு 'ங்'-க்கு முன்னால் போய் நின்றது. இலக்கம் இடம் மாறிய லெட்ஜர் மாதிரியே!

தற்காலிகத் தீர்வும் கிடைத்தது. படத்தை எஸ்விஜி கோப்பாகச் சேமிக்கும்போது, எழுத்தைக் கோடுகளாக மாற்றாமல் எழுத்தாகவே வை என்று சொல்ல ஓர் அமைப்பு உண்டு. அப்படிச் சேமித்து உலாவியில் திறந்தால், கொம்பை இடம் மாற்றும் வேலையை உலாவி பார்த்துக்கொள்ளும். அங்கிருந்தே அச்சடிக்கலாம். பெயர் பட்டையோடு கட்டிப்போட்டபடி இருக்கும். வரிசை மாறினால் பெயரும் கூடவே போகும்.

"காசு கொடுத்தோமா, கேள்வி கேட்க?" என்றான் நண்பன். இன்னொருத்தி நேர் எதிர். "வாடிக்கையாளர் நாம, அவங்க சரி பண்ணட்டும்." இரண்டையும் நான் ஏற்கவில்லை. மேட்பிளாட்லிப்பை ஆரம்பித்தவர் ஜான் ஹன்டர், நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின் அலைகளை ஆராயும்போது தனக்குத் தேவைப்பட்ட கருவியைத் தானே எழுத ஆரம்பித்து, 2003-ல் எல்லோருக்கும் கொடுத்தார். அவர் 2012-ல் காலமான பிறகும் வேலை நிற்கவில்லை. 2019-ல் உலகமே பார்த்த கருந்துளைப் படத்துக்கான ஆய்விலும் இது பயன்பட்டது. நம்மிடம் பில் கேட்காதவர்களுக்கு நாம் தரக்கூடிய கூலி ஒரு நல்ல புகார். 'தமிழ் வேலை செய்யவில்லை' என்ற ஒற்றை வரி புகார் ஆகாது (என் முதல் வரைவு அதுதான், அனுப்பவில்லை). பதிப்பு எண், ஐந்து வரி நிரல், வந்த படம், வர வேண்டிய படம், இவை நான்கும் வேண்டும். அதற்கு முன் புதிய பதிப்பைப் போட்டுப் பாருங்கள், சரிசெய்திருக்கலாம். ஏற்கெனவே யாராவது சொல்லியிருக்கிறார்களா என்றும் தேடுங்கள். நான் தேடியபோது இந்திக்காரர்களும் அரபிக்காரர்களும் இதே குறையை எனக்கு முன்பே சொல்லியிருந்தார்கள்.

ஆங்கிலம் தடுக்கிறது என்பது உண்மையான தயக்கம். எனக்கும் உண்டு. ஆனால் தப்பான படத்தையும் சரியான படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பாதி ஆங்கிலம் மிச்சம்.

"பேசாம இங்கிலீஷ்ல பேர் போட்டிருந்தா இவ்வளவு வம்பே இல்லையே" என்பவர்களுக்கு ஒரே பதில். ஆங்கிலத்தில் போட்டிருந்தாலும் அக்கா படத்தைப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு தம்பி" என்று சொல்லி அனுப்பியிருப்பார். தப்பும் அச்சிலேயே நின்றிருக்கும். தமிழில் இருந்ததால்தான் பிடிபட்டது. கணக்கு யாருடையதோ அவருக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் படம் இருந்தால், அதைவிடப் பெரிய ஆடிட் வேறு இல்லை.

திருத்திய படத்தோடு போன வாரம் மறுபடியும் போனோம். ஒவ்வொரு பட்டையாக விரல் வைத்துப் பார்த்தார். "இப்ப சரி" என்றார். ப்ராஜெக்ட் மதிப்பெண் இன்னும் வரவில்லை, ஆனால் எனக்கு வந்துவிட்டது :-)