ஒன்பதுக்கு அம்பத்திரண்டு!

வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலையேறினால் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் மரம். வானம் கைக்குட்டை அகலம்தான். செயற்கைக்கோள் சொல்வது பாதி போனுக்கு வந்து சேராது. மூடுபனியில் தடம் மாறினவன் கதி?

2023 மே 29-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நம்ம என்.வி.எஸ்.-01, எல்1 சிக்னலில் அழகாக ஓரவஞ்சனை பண்ணுகிறது. 18 செகண்டுக்கு ஒரு செய்தி. அதில் நேரத்துக்கான எண் 9 பிட்தான். அதை 52 ஆக்கி அனுப்புகிறது. தன் சுற்றுப்பாதை விவரம் அடங்கிய 600 பிட்டுக்கோ வெறும் 1200! வழியில் சில பிட் செத்தாலும் மிச்சத்தை வைத்துக் கணக்குப் போட்டு மீட்டுவிடலாம்.

நேரத்துக்கு மட்டும் ஏன் சார் ராஜ உபசாரம்? (பி.காம்.காரன் புத்தி, செலவுக்குக் காரணம் கேட்கும்.) பாதை விவரம் அடுத்த செய்தியிலும் பெரும்பாலும் அதேதான் வரும். விட்டதைப் பிடிக்கலாம். நேரம் அப்படியா? 18 செகண்டில் பழசு!