எரிந்த காட்டில் ஒரு தேடல்

ஒளித்துவைத்த பெட்டியொன்றைச் செய்மதியின் துணைகொண்டு தேடிக் காணும் விளையாட்டு இக்காலத்தில் உலகின் பல நாடுகளிலும் பரவியுள்ளது. ஜியோகேஷிங் என்பது அதன் பெயர். ஒளிபொருள் நாடல் என யாம் வழங்கலாம். பெயர் குறித்துப் பிணங்குதல் ஈண்டு நோக்கமன்று. வளர்ந்தோர் காடேகித் தகரப்பேணி தேடுவதா என நகுவோர் நம்மிடையே உளர். யானும் முதலில் நகைத்தவனே.

இவ்விளையாட்டின் பிறப்பிடம் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம். செய்மதி இடங்காட்டிக் குறிகளிலே பொதுமக்கள் பொருட்டு வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழையை 2000 மே மாதத் தொடக்கத்தில் அந்நாட்டரசு நீக்கிற்று. நூறு மீற்றர்வரை வழுவிய கருவி பெரிதும் திருந்திற்று. மே 3ஆம் நாள் டேவ் உல்மர் என்பார், போட்லண்ட் நகருக்கு அணித்தான பீவர்கிரீக் ஊர்ப்புறத்தே கறுப்பு வாளியொன்றை வைத்து, அவ்விடத்தின் அகலாங்கு நெட்டாங்கு எண்களை வெளியிட்டார். வாளியுள் நூல்களும், கவணொன்றும், அவரைப் பேணியொன்றும் இருந்தன. எடுப்பவர் தம் பொருளொன்றை இட்டுச் செல்லல் வேண்டும் என்பது விதி. எடுக்கமட்டும் அறிந்த வேட்டைகளையே பெரிதும் கண்ட உலகுக்கு இது நல்ல விதிதான்.

அதே நகருக்குக் கிழக்கே, கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஈகிள் கிரீக் என்னும் ஓடை உண்டு. 2017 செப்ரெம்பர் 2ஆம் நாள் பதினைந்து வயதுச் சிறுவனொருவன் அங்கே வெடியொன்றைக் கொளுத்திச் சரிவில் எறிந்தான். அதுவும் விளையாட்டே. ஏறத்தாழ 49,000 ஏக்கர் நிலத்தில் தீப் பரந்தது. நடைசென்றோர் 150 பேரளவில் இரவு முழுதும் காட்டினுள் அகப்பட்டனர். தீப்பொறி அகன்ற ஆற்றையும் கடந்து வாஷிங்டன் மாநிலக் கரையிற் பற்றிற்று.

இத்தகைய செய்தியைக் கேட்டவுடன் ஆசிரியராகிய நமக்குத் தோன்றுவது, பிள்ளைகளைக் காட்டின் பக்கமே விடலாகாது என்பதுதான். அது தவறு என்பது என் துணிபு. 2018இல் நீதிமன்றம் அச்சிறுவனுக்கு விதித்த இழப்பீடு 3 கோடி 60 இலட்சம் டொலருக்கு மேற்பட்டது. அதனினும் பொருளுடையதாக எனக்குத் தோன்றுவது, வனத்துறையோடு 1,920 மணிநேரம் தொண்டாற்றுக என்னும் கட்டளை. காட்டுக்குத் தீங்கிழைத்தவனைக் காட்டிலிருந்து விலக்காது காட்டிடமே அனுப்பினார்கள்.

ஆயினும் எரிந்த நிலத்திற் பெட்டி தேடச் செல்வோர் ஒன்றறிதல் வேண்டும்: இடங்காட்டி இடத்தைச் சொல்லும், வழியைச் சொல்லாது. நின்றபடியே மாண்ட மரம் மெல்லிய காற்றுக்கும் வீழும். மண்ணுள் வேர் எரிந்து பொந்தாய இடத்திற் கால் புதையும். வேர்ப்பிடிப்பிழந்த கற்கள் மழையில் உருளும். ஈகிள் கிரீக் நடைபாதை 2021 தொடக்கம்வரை மூடப்பட்டிருந்தமை வீணான அச்சத்தாலன்று. பாதையை விட்டு நான்கடி விலகினும் முளைத்துவரும் கன்று மிதிபடும்.

முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் இயல்பிழந்து பாலையாதலைச் சிலப்பதிகாரம் கூறும். அப்பாலை மழையோடு மாறும். டக்ளஸ் ஃபர் மரக்காடு பழைய உயரம் பெறுவதைக் காண எரித்தவன் வாணாள் போதாது.

எனவே எரிந்த நிலத்திற் பெட்டி வைத்தலை யான் ஒவ்வேன். இவ்விளையாட்டிலேயே எர்த்கேஷ் என்றொரு வகை 2004 முதல் உண்டு. அதிற் பெட்டி இல்லை. குறித்த இடத்தை அடைந்து, பாறையையும் மண்ணையும் நோக்கி, நிலவியல் வினாக்களுக்கு விடையெழுதுதலே ஆட்டம். தீயின் சுவட்டையும் அவ்வாறே வினாவாக்கலாம். பாதையினின்றும் இறங்காமலே மாணவன் காணத்தக்கது எத்துணையோ! இம்மரத்திற் கரிவடு எப்பக்கம் உயர்ந்துளது? தீ எங்கிருந்து வந்தது? பக்கத்து மரம் ஏன் எரியாது நின்றது?