ஒலி ஒத்தால் எலும்பும் ஒன்றாகுமா?

எலும்புகளின் பெயர்களை ஆங்கிலத்திலிருந்து இத்தாலியத்திற்குக் கொண்டுசெல்ல மொழிபெயர்ப்பாளரே வேண்டியதில்லை, இலத்தீன் சொல்லின் ஈற்றைத் திருத்தினால் போதும் என்று கருதுவோர் கல்விப்புலத்தில் இன்றும் உள்ளனர். ஹியூமரஸ் ‘ஓமெரோ’ ஆகிறது, ஃபீமர் ‘ஃபேமொரெ’ ஆகிறது, டிபியா ஏறத்தாழ அப்படியே நிற்கிறது. வேறென்ன வேண்டும் என்பது அவர்கள் வாதம். எளிய மூன்று சான்றுகளை வைத்து முறைமை வகுக்கும் சோம்பல் இது.

கணுக்காலுக்கு வந்ததும் இவ்வாதம் நொண்டுகிறது. குதிகால் எலும்பின்மேல் அமர்ந்திருக்கும் எலும்பு ஆங்கிலத்தில் ‘டேலஸ்’. இத்தாலிய மருத்துவர் அதனை ‘அஸ்த்ராகலோ’ என்பார். அது கிரேக்க வழிச் சொல். இலத்தீன் ‘தாலுஸ்’ இத்தாலியத்தில் அழிந்துவிடவில்லை. மக்கள் நாவில் உருண்டு ‘தல்லோனெ’ ஆயிற்று; பொருளோ கணுக்காலிலிருந்து குதிகாலுக்கு இறங்கிவிட்டது. ஒலியை நம்பி ‘டேலஸ் முறிவு’ என்பதைத் ‘தல்லோனெ முறிவு’ என எழுதுபவர், முறிவையே அடுத்த எலும்புக்கு மாற்றிவிடுகிறார். ஆங்கிலம் இந்த இலத்தீனை ஏட்டிலிருந்து எடுத்துக்கொண்டது. இத்தாலியம் அதை நூற்றாண்டுகளாகப் பேசிப் பேசி வேறொன்றாக்கியது. உறவு நெருக்கமாக இருப்பதாலேயே பிழை எளிதாகிறது.

படகின் கதை இன்னும் சிக்கலானது. 1895ஆம் ஆண்டின் பாசெல் பெயர்ப்பட்டியல், மணிக்கட்டில் ஒன்றும் பாதத்தில் ஒன்றுமாக இரண்டு எலும்புகளை ‘நாவிகுலாரே’, அதாவது சிறுபடகு போன்றது, என்றே அழைத்தது. பின்னர் மணிக்கட்டு எலும்புக்கு, கிரேக்கப் படகின் பெயரான ‘ஸ்கேஃபாயிட்’ நிலைபெற்றது. இத்தாலியத்திலோ ‘ஸ்கஃபோயிதெ’ என்பது மணிக்கட்டுக்கும் வழங்கும். ‘தர்சாலெ’ என்ற அடைமொழியுடன் பாதத்திற்கும் வழங்கும். பழைய ஆங்கிலக் கட்டுரை ஒன்றில் ‘நேவிகுலர்’ என்று மட்டும் இருந்தால் எந்தப் படகு? அகராதி சொல்லாது, அந்தப் பத்தி பேசுவது கையையா காலையா என்று படித்தறிந்தவரே சொல்ல முடியும்.

ஆங்கிலம் இடுப்பு முறிவு என்னும்போது பெரும்பாலும் முறிந்திருப்பது தொடையெலும்பின் மேற்பகுதி. ஆகவே இத்தாலிய மருத்துவ வழக்கு அதைத் தொடையெலும்பின் பெயராலேயே சுட்டும். செயற்கை மூட்டு பொருத்துவதைப் பற்றிப் பேசும்போதோ இடுப்பைக் குறிக்கும் ‘ஆங்கா’வே வரும்.

இவ்வளவும் போகட்டும். எலும்பைக் குறிக்கும் ‘ஓஸ்ஸோ’வுக்கே இரு பன்மைகள். மனித உடலின் எலும்புகள் ‘ஓஸ்ஸா’. நாய்க்கு எறிபவை ‘ஓஸ்ஸி’. ஈறு திருத்தினால் போதும் என்போர் முதலில் இந்த ஈற்றைத் திருத்திக் காட்டட்டும்.