மாலை கழற்றிய மறுநாள்

தைப்பூசப் பாதயாத்திரைக்காகப் பழனியாண்டவருக்கு மாலை அணிவதும், கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை அணிவதும் கொங்கு நாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் உள்ள வழக்கம். ஆண்டு முழுவதும் குடிக்கும் மகன்கூட அந்நாட்களில் மதுவைத் தொடுவதில்லை. விடியலில் நீராடுகிறான், வீட்டில் சச்சரவு இல்லை. மாலையைக் கழற்றிய மறுநாளே அவன் மீண்டும் மதுக்கடைக்குப் போகும்போது, "சாமிமேல் பயமிருந்தால் இப்படிச் செய்வானா?" என்று பெற்றோர் மனம் உடைகின்றனர்.

உண்மையில் அவன் வாக்குத் தவறவில்லை. விரத நாட்கள் முழுவதும் காத்திருக்கிறான். குடியாமல் இருக்க அவனால் இயலும் என்பதற்கு அந்நாட்களே சான்று.

மதுவை வெளியிலிருந்து தடுக்கும் முயற்சிகளை இம்மண் முன்பே கண்டது. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் இராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கடையை மூடச் சட்டத்தால் இயலும். குடிப்பவரின் உள்ளத்தில் விருப்பத்தை விதைக்க வேறொரு வழி தேவை.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் அத்தகைய முறையொன்றை எழுத்தில் வெளியிட்டார். பின்னர் ஸ்டீபன் ரோல்னிக்குடன் இணைந்து அதனை விரிவாக்கினார். ஊக்கமூட்டும் உரையாடல் எனலாம். குடிப்பவர் உள்ளத்தில் இரண்டு குரல்கள் உள்ளன: ஒன்று "விட வேண்டும்" என்கிறது, மற்றொன்று "இன்று மட்டும்" என்கிறது. பிறர் முதற்குரலை எடுத்துக்கொண்டு கண்டித்தால், அவர் இரண்டாம் குரலுக்கு வாதாடத் தொடங்குகிறார். ஆலோசகர் எவ்வளவு கடிந்து பேசினாரோ, அவ்வளவுக்கு அவரிடம் வந்தவர் பின்னாளில் மிகுதியாகக் குடித்தார் என்று மில்லர் குழுவினரின் 1993ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

ஆகவே பயிற்சி பெற்ற ஆலோசகர் கேள்வி கேட்கிறார், பொறுமையுடன் செவிசாய்க்கிறார். "குடியை விட முடியும் என்ற நம்பிக்கை பத்துக்கு எவ்வளவு?" என்பார். "நான்கு" என்று விடை வந்தால், "ஏன் பத்து இல்லை?" என்று கேட்பதில்லை, "இரண்டு என்னாமல் நான்கு என்றது ஏன்?" என்றே கேட்கிறார். அப்போது அவர் தம் வாயாலேயே தம் வலிமையைச் சொல்லத் தொடங்குகிறார்.

வீட்டுப் பெரியோருக்கும் இது இயலும். அவன் தெளிவாக இருக்கும் வேளையில், "கண்ணு, மாலை போட்டிருந்தப்ப எப்படிச் சாமி இருந்தே? அப்ப உனக்கு எது நல்லா இருந்துச்சு?" என்று கேட்கலாம். விடை வரும்வரை காத்திருக்க வேண்டும். தலையிலடித்துச் சத்தியம் வாங்க வேண்டாம். திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து விழுந்த அருணகிரிநாதரை முருகப் பெருமான் தாங்கிக்கொண்டார் என்பது மரபு. முதலில் தாங்கினார், பழங்கணக்குக் கேட்கவில்லை.

எச்சரிக்கை ஒன்று உண்டு. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால், முதல் சில நாட்களில் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் தோன்றி உயிருக்கே ஆபத்தாகலாம். இத்தகையோர் மாலை அணியும் முன்பே மருத்துவரைக் காண வேண்டும். விரத நாட்களில் வலிப்பு வந்தால் அதைத் தெய்வக் குற்றமென எண்ணிக் காலந்தாழ்த்தலாகாது.

குடும்பத்தினரும் தளர்ந்து போகின்றனர். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980இல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். அங்கே நோயாளியுடன் குடும்பத்தினருக்கும் ஆலோசனை தரப்படுகிறது. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை அணுகலாம். போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய கட்டணமில்லாத் தொலைபேசி எண்கள் உள்ளன. மீண்டவர் ஒருமுறை சறுக்கினாலும் சிகிச்சை வீணாகிவிடவில்லை. மறுபடி அழைத்துச் செல்ல வேண்டும். அடுத்த மாலைக்காகக் காத்திராமல் இவ்வாரமே அந்தக் கேள்வியைக் கேட்கலாம். பழனியாண்டவர் துணை நிற்பார்.